மிக்ஸி வந்தது ஆன்லைன்ல, ரிப்பேருக்கு போனது அண்ணாச்சி கடைக்கு: கோவில்பட்டி பாத்திரக்கடை ஒண்ணைப் பத்தி ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், இது கொஞ்சம் நீளமாத்தான் போகும். அவசரமா இருக்கவங்க நேரா கடைசிக்கு போயிருங்க, கடை எப்ப தொறந்திருக்கும் என்ன கொண்டு போகணும்ங்கிறத அங்க எழுதியிருக்கேன். கடை பேரை மட்டும் போடல. கேட்டதுக்கு அண்ணாச்சி "வேண்டாம்மா, நீ பாட்டுக்கு நல்லவிதமா எழுதிருவ, ஊர்ல இருக்க ஓட்டைக் குக்கர் பூராம் இங்க வந்து நிக்கும்"னுட்டாரு. கோவில்பட்டிக்காரங்களுக்கு அடையாளம் சொல்லணும்னா மார்க்கெட் பக்கம் ஒரு சந்து, வாசல்ல இட்லிக் கொப்பரை ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும், உள்ள நுழையிறப்ப மேல தொங்குற முறம் தலையில இடிக்கும். இடிச்சா அதான் கடை.

நான் அங்க போயி பல வருஷம் ஆச்சு. என் கல்யாணத்துக்கு சீர் சாமான் பூராம் அங்கதான் எடுத்தோம், 2009ல, எவர்சில்வர் குடம் அண்டா தூக்குவாளி குத்துவிளக்கு கிரைண்டர்னு ஒரு மினி லாரி ரொம்பி வந்துச்சு, அத்தனையிலயும் என் பேரையும் தேதியையும் ஓசிலயே வெட்டிக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் ஃபோன்ல ஆப் வந்துச்சு, டப்பால பொருள் வீட்டுக்கே வந்துச்சு, நானும் வசதியா சந்து இருக்க திசையையே மறந்துட்டேன்.

பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்கப்ப இட்லிப் பொடி திரிச்சுக்கிட்டு இருந்தேன், டர்ருன்னு ஒரு சத்தம், ரப்பர் கருகுன வாடை, அம்புட்டுதான், மோட்டார் சுத்துது ஜார்ல பிளேடு சுத்த மாட்டேங்குது. வாங்கி எட்டு மாசம். எந்த ஆப்ல வாங்கினேன் எந்த பிராண்டுன்னு கேக்காதீங்க, இப்ப அதுவா முக்கியம். ஆப்ல கேட்டா திருப்பி எடுக்குற நாள் முடிஞ்சு போச்சு, கம்பெனிகிட்ட பேசிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. கம்பெனிக்கு அடிச்சா ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு இருபது நிமிஷம் பாட்டு போட்டுட்டு, ஜார்ல வர்ற கோளாறு வாரண்டில சேராதாம், வேணும்னா திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டு போங்களாம். ஒரு ரப்பர் துண்டுக்கு போக வர பஸ்ஸுல ஒரு நாள் போயிரும்.

அத்தைதான் சொன்னாங்க, "அண்ணாச்சி கடைக்கு தூக்கிட்டுப் போ, அவரு என்ன கடிச்சா திங்கப் போறாரு"ன்னு. அவங்களுக்குத் தெரியும் நான் ஏன் போக யோசிக்கிறேன்னு.

போனேன். முறம் தலையில இடிச்சுது. அண்ணாச்சி நிமிந்து பாத்து, "என்னம்மா ரொம்ப நாளா ஆளையே காணோம், வெளியூரா"ன்னாரு. நான் தலைய ஆட்டி வச்சேன். ஆமான்னும் இல்லாம இல்லைன்னும் இல்லாம ஒரு மாதிரி ஆட்டு. மிக்ஸிய மேசை மேல வச்சதும் அவரு ஜாரைத் தொடல, மொதல்ல மோட்டாரைக் கவுத்துப் பாத்தாரு. அவங்க விக்கிற ஒவ்வொரு மிக்ஸிக்கும் அடியில தேதி போட்டு ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, அதைத்தான் தேடுறாருன்னு எனக்கு புரிஞ்சு போச்சு. "நம்ம ஸ்டிக்கர் இல்லையேம்மா." "வீட்டுக்காரரு வாங்கிட்டு வந்தாரு அண்ணாச்சி." அவரு ஒண்ணும் சொல்லல, உள்ள பாத்து, "மாமா, ஆன்லைன் மிக்ஸி ஒண்ணு"ன்னு குரல் மட்டும் குடுத்தாரு. நான் ஆன்லைன்னு சொல்லவே இல்ல!

உள்ள இருக்குற மெக்கானிக் மாமாவைப் பத்தி தனியா ரிவ்யூ எழுதலாம். அறுபது வயசுக்கு மேல இருக்கும், ஒரு மர பெஞ்சு, அதுக்கு மேல ஒரு குண்டு பல்பு, சுத்தி பழைய பிஸ்கட் டின்ல கப்ளர், புஷ், வாஷர், கார்பன் பிரஷ்னு தனித்தனியா. ஜாரைக் கவுத்து அடியில இருந்த கப்ளரை, அதான் மோட்டார் சுத்துறத பிளேடுக்கு கொண்டு போற பல்லு வச்ச துண்டை, திருகிக் கழட்டி மூணு டின்ல தேடி ஒண்ணை எடுத்து வச்சுப் பாத்து, சேரல, இன்னொண்ணு, அதுவும் சேரல. "இது ஆன்லைனுக்குன்னே போடுற மாடலு தாயி, பல்லு வேற மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு வேற ஒரு கம்பெனி கப்ளரை அரத்துல ராவி ராவி மாட்டிட்டாரு. பிளேடுக்கு கீழ அதோட தண்டைத் தாங்குற புஷ்ஷும் தேஞ்சு மசாலாத் தண்ணி உள்ள இறங்கியிருக்குன்னு அதையும் மாத்தினாரு, ஏன் கப்ளர் போச்சுன்னா அதனாலதான் போச்சாம், புஷ் இறுகி பிளேடு சுத்த முடியாம கப்ளரோட பல்லு தேஞ்சிருக்கு. கப்ளரை மட்டும் மாத்தியிருந்தா ஒரு மாசத்துல திரும்ப வந்திருப்பேன். அரை மணி நேரம். 220 ரூபா.

எனக்கு அப்ப கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு, மின்ன எல்லாம் சும்மா பாத்துக் குடுப்பாங்களே, கூடிப் போனா சாமான் காசு வாங்குவாங்களேன்னு. வாய் சும்மா இருக்காம கேட்டும் புட்டேன். அண்ணாச்சி கோவப்படல. "நம்மகிட்ட வாங்குன மிக்ஸின்னா இப்பவும் சாமான் காசு மட்டுந்தாம்மா, வெளிய வாங்குனதுன்னா கூலி உண்டு, இல்லன்னா மாமாவுக்கு சம்பளம் எங்க இருந்து குடுப்பேன்"னாரு.

இந்த ஒரு வரிதான் என்னைய இத எழுத வச்சது. இத்தனை வருஷமா அந்த பெஞ்சு என்னமோ கடையோட தர்ம காரியம்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அது ஓடுனதே முன்னால விக்கிற மிக்ஸியோட லாபத்துலதான். ஒரு மிக்ஸி வித்தா நானூறு ஐநூறு நிக்குமாம் மின்ன எல்லாம், அதுல கொஞ்சம் உள்ள பெஞ்சுக்கு போகும். இப்ப அம்புட்டு நிக்கிறதில்லங்கிறாரு. ஆன்லைன்ல நான் மிச்சம் பிடிச்ச ஐநூறு ரூபா இருக்கே, அது கடைக்காரர் வயித்துல இருந்து வந்துச்சுன்னு கூட சொல்ல மாட்டேன், அந்த பிஸ்கட் டின்ல இருந்து வந்திருக்கு. டின்னு காலியானா எனக்கு கப்ளர் கிடையாது, அப்புறம் திருநெல்வேலி பஸ்ஸுதான்.

சரி நாமளே கணக்கு போட்டுப் பாப்போம்னு அந்த வாரமே மூணு சாமானுக்கு ரெண்டு பக்கமும் வெலை பாத்தேன். 750 வாட்ஸ் மிக்ஸி, ரெண்டு எடத்துலயும் ஒரே மாடல் கிடைச்சது அதிசயம், கடையில 3,650, ஆன்லைன்ல 3,149, அதுலயும் பேங்க் கார்டு இருந்தா இன்னும் எறங்குது. அண்ணாச்சிகிட்ட ஃபோனை நீட்டினேன், அவரு மூக்குக்கண்ணாடியை மேல தள்ளிட்டு பாத்துட்டு ஒரு நோட்டை எடுத்து காமிச்சாரு, டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட அவரு வாங்குன ரேட்டே 3,280. அதாவது அவன் விக்கிற வெலைக்கு இவரால வாங்கவே முடியல. இதுல கூத்து என்னன்னா போன தீபாவளி சேல்ல அண்ணாச்சியே மகன் ஃபோன்ல நாலு மிக்ஸி ஆர்டர் போட்டு வாங்கி கடையில வச்சு வித்திருக்காரு. "எங்க டிஸ்ட்ரிபியூட்டரை விட அவன் நல்ல ரேட்டு குடுக்கான், என்ன செய்ய"ன்னு சிரிக்கிறாரு.

அடுத்தது குக்கர் கேஸ்கட். ஆன்லைன்ல 189, கடையில 90, மூடியைக் கொண்டு போனா மாட்டியே குடுப்பாங்க. ஆன்லைன்ல மூடி அளவை நாமதான் ஸ்கேல் வச்சு அளந்து போடணும், நான் ரெண்டு தடவை தப்பா போட்டு வாங்கி இன்னும் கிச்சன் ஆணியில ரெண்டு கேஸ்கட் வளையல் மாதிரி தொங்குது. மூணாவது எவர்சில்வர் சம்படம், அது கடையில கிலோ கணக்கு, கையில தூக்கிப் பாத்தாலே கனம் தெரியும், ஆன்லைன்ல போட்டோவுல எல்லா சம்படமும் கனமாத்தான் தெரியுது. வந்ததும்தான் தெரியும் ஊதுனா பறக்கும்னு. இதுல கடைதான், சந்தேகமே இல்ல.

மிக்ஸி வெலை மட்டும் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு, மொத்த வியாபாரி குடுக்குற வெலைக்கு கீழ எப்படி ஒருத்தன் சில்லறைக்கு விக்க முடியும்னு. அதைத் தேடிப் படிக்கப் போயிதான் பெரிய கதையே தெரிஞ்சுது, தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிரலாம்.

அமேசான் நம்ம நாட்டுல கடை விரிச்சது 2013 ஜூன்ல. அப்ப வெறும் புஸ்தகமும் சினிமா டிவிடியும்தான், கொப்பரை விக்கிறவங்க அத ஏன் திரும்பிப் பாக்கப் போறாங்க. நம்ம நாட்டு விதிப்படி வெளிநாட்டு முதலீட்டுல நடக்குற ஆன்லைன் கம்பெனி பொதுவா தானே சரக்கை வாங்கி வச்சு நமக்கு நேரா விக்க முடியாது, விக்கிறவனையும் வாங்குறவனையும் சேத்து வைக்கிற சந்தை மாதிரி மட்டும்தான் நடத்தலாம். சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவன் தரைக்காசு வாங்கலாம், தானே தக்காளி விக்கக் கூடாது, அம்புட்டுதான் விஷயம். ஆனா அந்த வருஷங்கள்ல அமேசான்ல வாங்குனவங்க ஞாபகப்படுத்திப் பாருங்க, விக்கிறவர் பேர் போடுற எடத்துல பொடி எழுத்துல பாதி நேரம் கிளவுட்டெயில், இல்லன்னா அப்பாரியோன்னு இருக்கும். கிளவுட்டெயிலோட தாய் கம்பெனியில அமேசானுக்கே பங்கு இருந்துச்சு, இன்னொரு பங்கு இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியோட முதலீட்டுக் கம்பெனி கேட்டமரனோடது. 2018 டிசம்பர்ல அரசு விதியை இறுக்கி, சந்தை நடத்துறவன் தனக்கு பங்கு இருக்க கம்பெனியை அங்க விக்க விடக் கூடாதுன்னு சொல்லிச்சு, 2019 பிப்ரவரி 1ல அது அமலுக்கு வந்தப்ப ஏகப்பட்ட பொருள் சைட்ல இருந்தே காணாம போச்சு, அப்புறம் அமேசான் தன் பங்கை கொறச்சுக்கிட்டதும் கிளவுட்டெயில் திரும்பவும் வந்துச்சு. கடைசியா 2022 மே மாசத்தோட கிளவுட்டெயில் கதை முடிஞ்சுது.

2021ல ராய்ட்டர்ஸ் அமேசானோட உள் ஆவணங்களைப் பாத்து ஒரு செய்தி போட்டாங்க. 2019 வாக்குல அங்க 4 லட்சத்துக்கு மேல விக்கிறவங்க இருந்தாங்களாம், அதுல 35 பேர் மட்டும் மொத்த விற்பனையில மூணுல ரெண்டு பங்காம். கம்பெனி நாங்க சட்டப்படிதான் நடக்குறோம்னு சொல்லிச்சு. இத அண்ணாச்சிகிட்ட படிச்சுக் காமிச்சேன். "சந்தையில நாலு லட்சம் கடை இருந்தா என்னம்மா, வாசல்ல நிக்கிற முப்பது கடையைத் தாண்டி எவன் உள்ள வருவான்"னாரு. மார்க்கெட்ல நாப்பது வருஷம் ஒக்காந்தவருக்கு ராய்ட்டர்ஸ் எதுக்கு.

இது அமேசானோட மட்டும் முடியிற கதையும் இல்ல, 2018லயே வால்மார்ட் 1,600 கோடி டாலர் குடுத்து ஃபிளிப்கார்ட்ல 77 சதவீதத்தை வாங்கியாச்சு, ஆக ரெண்டு பெரிய ஆப்புக்கும் பின்னால அமெரிக்க முதல்தான். 2020 ஜனவரியில அமேசானை ஆரம்பிச்ச ஜெஃப் பெஸோஸ் டெல்லிக்கு வந்தாரு, சின்ன வியாபாரிகளை ஆன்லைனுக்கு கொண்டு வர 100 கோடி டாலர் போடுறேன்னாரு, வெளிய வியாபாரிங்க அவரு படத்தைப் பிடிச்சுக்கிட்டு போராட்டம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, அடுத்த நாளே அமைச்சர் பியூஷ் கோயல் இது ஒண்ணும் நமக்கு பெரிய உபகாரம் இல்லங்கிற மாதிரி பேசிட்டாரு. அதே மாசம்தான் தள்ளுபடி, குறிப்பிட்ட ஆளுங்களுக்கு சலுகைங்கிறதப் பத்தி, வியாபாரப் போட்டி நேர்மையா நடக்குதான்னு பாக்குற போட்டி ஆணையம் ரெண்டு கம்பெனி மேலயும் விசாரணைக்கு உத்தரவு போட்டுச்சு. கோர்ட்டு கோர்ட்டா ஏறி 2021ல உச்சநீதிமன்றமும் விசாரணையை நிறுத்த மாட்டேன்னுட்டுது. டெல்லியில இதெல்லாம் நடக்குறப்ப நம்ம ஊர்ல மே 5 வணிகர் தினத்துக்கு கடை அடைப்பாங்க. ஒரு வருஷம் மே 5 அன்னைக்கு ஊரே அடைச்சு கெடக்கு, எங்க தெருவுல மூணு வீட்டுக்கு டெலிவரி பையன் வந்து பெல் அடிச்சுட்டு போனான், அதுல ஒண்ணு எங்க வீடு.

இதெல்லாம் சொல்றதுனால கடைக்காரங்க எல்லாம் பாவம்னு நான் எழுதிட்டு போறேன்னு நெனச்சுறாதீங்க. நான் ஏன் போறதை நிறுத்தினேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 2016லன்னு நெனைக்கிறேன், ஒரு கேஸ் அடுப்பு பாக்க போயிருந்தேன், எந்த அடுப்புலயும் வெலை ஒட்டல, ஒவ்வொண்ணா கேக்கணும், கேட்டா நம்ம மொகத்தைப் பாத்து ஒரு வெலை. எனக்கு முன்னால ஒரு டீச்சரம்மாவுக்கு சொன்ன வெலை வேற, எனக்கு சொன்னது வேற, நானே காதால கேட்டேன். நாலு கேள்வி சேத்து கேட்டதும் கடையில அப்ப நின்ன ஒருத்தர், அண்ணாச்சி இல்ல, "வீட்டுக்காரரு வரலையாம்மா, அவரைக் கூட்டிட்டு வாங்க"ன்னாரு. அடுப்பு எனக்கு, சமைக்கிறது நான், காசும் என் சம்பளம், அவரு எதுக்கு. அன்னைக்கு ராத்திரியே ஆப்ல ஆர்டர் போட்டேன். ஆப்ல யாரும் வீட்டுக்காரரைக் கேக்கல. நடுராத்திரி நைட்டியோட ஒக்காந்து இருபது அடுப்பைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, வாங்குன பொம்பளைங்க எழுதுனதைப் படிச்சு வாங்குன சுகம் இருக்கே, அத நான் மறைக்கப் போறதில்ல. எங்க ஊர் மாதிரி எடத்துல பொம்பளைங்களுக்கு ஆன்லைன் குடுத்தது வெலைக் குறைவு மட்டும் இல்ல, வெலை என்னன்னு தெரியிற தெம்பு. அது வந்தப்புறம்தான் அண்ணாச்சி கடையிலயே வெலை ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிச்சிருக்காங்க, இப்ப போனப்ப பாத்தேன், எல்லாத்துலயும் இருக்கு. அதுக்கு ஆன்லைனுக்குத்தான் நன்றி சொல்லணும்.

பில்லும் அப்படித்தான். கேட்டாத்தான் குடுப்பாங்க, அதுவும் துண்டுச் சீட்டு. இப்பவும் மொதல்ல சீட்டைத்தான் நீட்டினாங்க, ஜிஎஸ்டி பில் வேணும்னதும் மகன் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தாரு, மொகம் சுளிக்கல. ஆனா நான் கேக்காம வரணும்ல? இதுக்கு அரை மார்க் கொறைக்கிறேன்.

மகன் பி.காம். படிச்ச பையன், கடையை எப்படியாவது மாத்தணும்னு தவிக்கிறாரு. அவரே சொன்னது, கொரோனா முடிஞ்ச கையோட ஒரு பெரிய ஆப்ல கடையைச் சேத்து வித்துப் பாத்திருக்காரு. எவர்சில்வர் டிபன் கேரியர், மொதல் மாசம் முப்பது போச்சாம், வீடே கொண்டாட்டம். அப்புறம் கணக்கு பாத்தா கமிஷன், அனுப்புற கூலி, பேக்கிங்னு ஒவ்வொண்ணா கழிஞ்சு கேரியருக்கு இருபது ரூபா கூட மிஞ்சல, அதுல நாலு கேரியர் திரும்பி வந்துச்சாம், ஒண்ணுல சாம்பார் வாடையோட மஞ்சக் கறை. எங்கயோ ஒரு வீட்டுல பத்து நாள் சோறு கொண்டு போயிட்டு புடிக்கலன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க. அந்த கேரியரை அவரு விக்கல, கடையில சில்லறை போட்டு வச்சிருக்காரு, நான் பாத்தேன். சின்னக் கடைகளை சேத்துக்கிறதுக்கு அமேசான் 2020லயே தனியா ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, 2025ல 300 ரூபாய்க்கு கீழ இருக்க ஏகப்பட்ட சாமானுக்கு விற்பனைக் கமிஷனே கிடையாதுன்னும் அறிவிச்சாங்க, அதனால இப்ப திரும்பப் பாக்கலாமான்னு மகன் கேக்குறாரு, அண்ணாச்சி "மொதல்ல அந்த கேரியரைக் கழுவு"ங்கிறாரு.

ஆனா எல்லாருக்கும் இதே கதின்னும் சொல்ல முடியாது. நம்ம ஊர் கடலைமிட்டாயையே எடுத்துக்கோங்க, 2020ல புவிசார் குறியீடு கிடைச்சுது, இப்ப டெல்லியில இருக்கவங்க கூட ஃபோன்ல ஆர்டர் போட்டு வாங்குறாங்க. தெரிஞ்சவங்க ஒருத்தங்க வீட்டுல பொம்பளைங்க ஒக்காந்து பேக் பண்ணி அனுப்புறாங்க, கோவில்பட்டியைத் தாண்டாத பொருளு இப்ப ஊரு ஊரா போகுது. வித்தியாசம் எனக்கு புரிஞ்ச வரைக்கும் இதுதான்: கடலைமிட்டாய் இங்க செய்யுற பொருளு, வேற எவனும் அதே ருசியில குடுக்க முடியாது. மிக்ஸி எங்கயோ செஞ்சு எல்லார்கிட்டயும் இருக்க பொருளு, அதுல வெலை ஒண்ணுதான் போட்டி. செய்யுறவனுக்கு ஆன்லைன் சந்தை, வாங்கி விக்கிறவனுக்கு ஆன்லைன் சக்களத்தி.

அந்த சந்துல மின்ன இதே மாதிரி நாலு கடை இருந்துச்சு, இப்ப ரெண்டுதான். ஒரு கடை செல்ஃபோன் கவர் விக்கிற கடையா ஆயிருச்சு, இன்னொண்ணு ஷட்டர் எறங்கியே கெடக்கு. எல்லாத்துக்கும் ஆன்லைன்தான் காரணம்னு நான் எழுதினா அண்ணாச்சியே ஒத்துக்க மாட்டாரு. அவரு விரல் விட்டு எண்ணுறாரு, 2016 நவம்பர்ல ஐநூறு ஆயிரம் செல்லாதுன்னப்ப மூணு மாசம் வியாபாரமே இல்ல, அடுத்த ஜூலைல ஜிஎஸ்டி, 2020ல கொரோனா, 2022 ஜூலைல வெட் கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 5ல இருந்து 18ன்னு ஒரே தாவா தாவுனது, நடுவுல திருநெல்வேலி மதுரையில ஏசி போட்ட பெரிய ஷோரூம். "ஒரு அடி வாங்கி எந்திரிக்கிறதுக்குள்ள இன்னொண்ணு, கடைசியா வந்தவனுக்கு பேரு கெட்டுப் போச்சு"ன்னாரு.

அவரு சொன்னதுல எனக்கு ரொம்பப் புடிச்சது இலவச மிக்ஸி கதை. 2011ல அரசு வீட்டுக்கு வீடு மிக்ஸி கிரைண்டர் டேபிள் ஃபேன் குடுக்கப் போறாங்கன்னதும் சந்துல எல்லாருக்கும் வயித்துல புளியைக் கரைச்சிருக்கு, இனிமே எவன் மிக்ஸி வாங்குவான்னு. கொஞ்ச வருஷம் விற்பனை படுத்துருச்சாம் நெசந்தான். ஆனா அதுவரைக்கும் அம்மி அரைச்ச வீட்டுக்கெல்லாம் மிக்ஸி போச்சா, ஒரு வருஷத்துல ஜாரும் கையுமா வரிசையா வந்திருக்காங்க, மெக்கானிக் மாமா அப்ப மதியம் சாப்பிடவே மூணு மணி ஆகுமாம். மிக்ஸி பழகுன வீடு அது போனதும் சும்மா இருக்குமா, காசு குடுத்து அடுத்ததை இங்கயே வாங்குச்சு. "கவர்மெண்டு எங்களுக்கு கஸ்டமர் புடிச்சுக் குடுத்துச்சும்மா. இவன் அப்படி இல்ல"ன்னாரு. ஏன் அப்படி இல்லன்னு கேட்டதுக்கு மாமா பெஞ்சுல இருந்தே பதில் சொன்னாரு, அரசு மிக்ஸி ஒரே மாதிரி லட்சக்கணக்குல வந்துச்சு, கப்ளர் ரெண்டு தினுசு வச்சிருந்தா ஊரையே சமாளிச்சிரலாம், ஆன்லைன்ல வர்றது வாரத்துக்கு ஒரு மாடல், எதுக்குன்னு சாமான் வாங்கி வைக்கிறது, பாதி மிக்ஸியில அடி மூடியைக் கழட்டுனா ஒடைஞ்சுதான் வருது, ரிப்பேருக்குன்னு செய்யவே இல்ல. அவரு கோவமா சொல்லல. அரத்தை ஊதிக்கிட்டே சொன்னாரு.

மாமாவுக்குப் பெறகு யாருன்னு கேட்டேன். ஒரு பையன் மூணு வருஷம் கூட இருந்து மோட்டாருக்கு கம்பி சுத்துற வைண்டிங் வரைக்கும் கத்துக்கிட்டானாம், இப்ப பைக்குல டெலிவரிக்கு போறான், இங்க வாங்குனதை விட கூட சம்பாதிக்கிறானாம். "நம்ம கடைக்கே பார்சல் கொண்டு வர்றான் தாயி, வந்தா டீ குடிச்சுட்டுதான் போவான்"னாரு.

மார்க்கு போடணும்ல. ரிப்பேருக்கு 5க்கு 5, கண்ணை மூடிக்கிட்டு. பாத்திரம், குக்கர் சாமான், கல்யாண சீர் இதுக்கெல்லாம் நாலரை, பேர் வெட்டுற மிஷின் இன்னும் ஓடுது, அரை மார்க் பில்லுக்கு போச்சு. மிக்ஸி கிரைண்டர் புதுசு வாங்க மூணுதான் குடுக்க முடியும், மாடல் கம்மி, வெலையும் நானூறு ஐநூறு கூட. ஆனா நான் இந்த மாசம் எங்கம்மாவுக்கு வாங்குன மிக்ஸி அங்கதான் வாங்கினேன், அம்மா தனியா இருக்காங்க, ஒண்ணு ரெண்டை அமுக்கி கஸ்டமர் கேர்ல பேச அவங்களால ஆகாது, ஸ்டிக்கரைக் காமிச்சா போதும்ல. அந்த ஐநூறை நான் இன்சூரன்ஸ்னு எழுதிக்கிட்டேன். என் வீட்டுக்கு ஃபோன் சார்ஜர், பிள்ளைக்கு புக்கு, இதெல்லாம் இன்னமும் ஆப்லதான், பொய் சொல்லி என்ன ஆகப் போகுது.

போறவங்களுக்கு: காலையில ஒம்பதரைக்கு தொறப்பாங்க, மதியம் ரெண்டுல இருந்து நாலரை வரைக்கும் அடைப்பு, ஞாயித்துக்கிழமை காலையில மட்டும். மாமா செவ்வாக்கிழமை வர மாட்டாரு. கார்டு வாங்க மாட்டாங்க, ஜிபே இருக்கு. மிக்ஸி ரிப்பேர்னா ஜாரை மட்டும் கொண்டு போகாதீங்க, மோட்டாரையும் தூக்கிட்டு போங்க, ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தாத்தான் அவரு கை வைப்பாரு. ஜாரைக் கழுவிக் கொண்டு போங்க, கழுவாம போனா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஆனா அண்ணாச்சி சொல்லுவாரு. குக்கர்னா மூடி மட்டும் போதும். எங்க வாங்குனீங்கன்னு கேட்டா உள்ளதைச் சொல்லிருங்க, எப்படியும் கவுத்துப் பாப்பாரு.